செட்டிநாட்டில் தொட்டுப் பழகும் விலங்குப் பூங்காவில் பராமரிப்பாளர் வேலை: முழுமையான வழிகாட்டி

பலகையில் 'பெட்டிங் ஜூ' என்று எழுதியிருந்தாலும், காரைக்குடி வட்டாரத்தில் வழி கேட்டால் "அந்த ஆட்டுப்பண்ணையா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி வீடுகளைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளும், பிள்ளையார்பட்டியில் தரிசனம் முடித்துப் பாதி நாள் மிச்சமிருப்பவர்களும், திருமணத்துக்கும் முன்னோர் வழிபாடான படைப்புக்கும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஊர் திரும்பும் குடும்பங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் இடம் அது. ஆடு, முயல், கோழி, வாத்து, கினிப்பன்றி, சில இடங்களில் கன்றுக்குட்டியும் மட்டக்குதிரையும் இருக்கும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகள். அந்த அனுபவம் பெரிய முதல்தான் என்றாலும் வேலையில் அது பாதிக்குத்தான் உதவும். கண்மாய்க் கரையில் மேயும் ஆடு நாள் முழுவதும் இரண்டு மூன்று முகங்களைத்தான் பார்க்கிறது. பூங்காவில் நிற்கும் ஆட்டின் மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நூற்றுக்கணக்கான கைகள் விழுகின்றன. தன்னைத் தொட வரும் கையிலிருந்து விலகிச் செல்ல அந்த விலங்குக்கு எப்போதும் ஒரு வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பராமரிப்பாளரின் வேலை என்பது என் கணிப்பு. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கணிப்பிலிருந்து பிறந்ததுதான்.

சேருமுன் கேட்க வேண்டியவை

சம்பளத்தைப் பேசுவதற்கு முன் ஒருமுறை பூங்காவைச் சுற்றிப் பாருங்கள். முதலில் என்னென்ன விலங்குகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பச்சைக்கிளி, மைனா, நட்சத்திர ஆமை, காட்டு முயல், மயில் ஆகியவை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்டவை; அவற்றைக் கூண்டில் அடைத்துக் காட்டும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், வனத்துறை வரும் நாளில் உரிமையாளரோடு சேர்ந்து நீங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கிளி ஜோசியக்காரரின் கூண்டைப் பார்த்தே வளர்ந்ததால் கிளி வளர்ப்பது குற்றமில்லை என்று நம்புகிறவர்கள் இன்னும் ஏராளம். வெள்ளை நிற நியூசிலாந்து முயலும், சாம்பல் நிறச் சின்செல்லா முயலும் பண்ணை முயல்கள், அவற்றில் சிக்கலில்லை. கரட்டிலிருந்து பிடித்து வந்த பழுப்பு முயல் வேறு இனம், அதைத் தொடவே கூடாது. நம் பக்கத்தில் மயில்கள் தாமாகவே வந்து தீவனத் தொட்டியைக் கிளறும். விரட்டலாம், பிடிக்கவோ, பழக்கி வைத்துக்கொண்டு படம் எடுக்க விடவோ கூடாது.

இரண்டாவதாகத் தரையைப் பாருங்கள். ஊர்ப் பெருமைக்காக ஆட்டுக் கொட்டிலுக்கே ஆத்தங்குடிக் கல் பதித்த இடம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு அழகு, ஆட்டின் குளம்புக்கோ அது எண்ணெய் தடவிய பலகை. சிறுநீர் பட்ட பளபளப்பான தரையில் சினையாடு கால் விரிந்து விழுந்தால் இடுப்பு போய்விடும். செம்மண் இறுக்கிய தரையோ, சொரசொரப்பான சிமெண்டுத் தரையோ, இடைவெளி விட்ட மரப்பலகைப் பரணோதான் ஆட்டுக்கு ஏற்றது. பெட்டை ஆடு ஒன்றுக்குப் பத்து சதுர அடி, கிடாவுக்கு இருபது சதுர அடி என்பது கொட்டிலுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கணக்கு; பார்வையாளர் நுழையும் திடல் இதற்கு மேல் தனியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பின்கட்டு. பார்வையாளர் போக முடியாத, விலங்கு தானாகப் போய்ப் படுத்துக்கொள்ளக்கூடிய ஒரு தட்டி மறைவு ஒவ்வோர் அடைப்பிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், கட்டித் தருவார்களா என்று கேளுங்கள். மழுப்புகிற உரிமையாளரிடம் மற்றவையும் அப்படித்தான் இருக்கும். கை கழுவும் குழாய் எங்கே, எந்தக் கால்நடை மருத்துவர் வருகிறார், புதிதாக வாங்கும் விலங்கை எங்கே தனியே வைக்கிறார்கள் என்ற மூன்றையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்.

முறையான பயிற்சி வேண்டுமென்றால் அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆடு, கோழி, முயல் வளர்ப்புக்குக் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டில் அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணையும் இருக்கின்றன.

முதல் மாதம்: கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது

நான் சேர்ந்த முதல் நாள், பழகட்டும் என்று ஒரு கிடாக்குட்டியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துச் செல்லமாகத் தள்ளினேன். அங்கே நெடுங்காலம் வேலை பார்த்த அண்ணன் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார்: "தம்பி, நெத்தியில கை வைக்காதே. இன்னைக்கு நீ விளையாட்டுக் காட்டுவே, ஆறு மாசத்துல அது பிள்ளைகளை முட்டும்." நெற்றியைத் தள்ளுவது ஆட்டின் பழக்கத்தில் மோதலுக்கான அழைப்பு. புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கிடாக்குட்டிக்கு மனிதரிடம் அச்சம் இருக்காது. வளர்ந்த பிறகு அது மனிதரையும் இன்னொரு கிடாவாகவே எண்ணி மோதும். ஆகவே பார்வையாளர் திடலில் பெட்டைகளையும், சிறு வயதிலேயே காயடித்த கிடாக்களையும் மட்டுமே விட வேண்டும். காயடிக்காத கிடா எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும் அதன் இடம் பின்கட்டுதான். மஞ்சுவிரட்டு மண்ணில் பிறந்தவர்கள் காளையைத் தொட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். அதற்கு இது இடமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

இந்த மாதத்தில் ஒவ்வொரு விலங்கையும் பெயராலும் குணத்தாலும் அடையாளம் காணக் கற்க வேண்டும். முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு ஓடும் கருப்பாடு கன்னி. நெடிய காலும், வெள்ளை உடலில் கருப்போ சிவப்போ தெறித்தாற்போன்ற நிறமும் கொண்டது கொடியாடு. இனம் தெரிந்தால் போதாது. எது கூட்டத்தில் முதலில் வரும், எது இடது காது தொட்டால் உதறும், எது குடையைக் கண்டால் மிரளும் என்பது வரை தெரிய வேண்டும்; நோய் வரும்போது முதலில் மாறுவது இந்தக் குணம்தான்.

தூக்கும் முறையை அனுபவமுள்ள ஒருவர் முன்னால் செய்து காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது சந்தையில் பார்த்த கெட்ட பழக்கம். ஒரு கை மார்புக்குக் கீழே, மறு கை பிட்டத்தைத் தாங்கியபடி, உங்கள் வயிற்றோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். பின்பகுதி அந்தரத்தில் தொங்கினால் முயல் பின்னங்கால்களால் ஓங்கி உதைக்கும். அந்த உதையின் வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் அளவுக்கு அதன் எலும்பு மெலிந்தது. எனவே பார்வையாளர் யாரும் நின்றுகொண்டு முயலைத் தூக்க அனுமதிக்காதீர்கள். கோழியை இரண்டு சிறகும் மூடியிருக்கும்படி பிடிக்க வேண்டும். கினிப்பன்றிக்கு நம்மைப் போலவே வைட்டமின் சி உடலில் உற்பத்தியாகாது; அன்றாடம் கொய்யாத் துண்டோ கொத்தமல்லித்தழையோ கொடுக்காவிட்டால் சில வாரங்களில் மூட்டு வீங்கி முடங்கிவிடும்.

புதிதாக வரும் எந்த விலங்கையும் முப்பது நாள் தனிக் கொட்டிலில் வைத்திருக்க வேண்டும். சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டியைப் பள்ளி விடுமுறைக் கூட்டத்துக்காக மறுநாளே திடலில் விடச் சொல்வார்கள். ஆட்டுக்கொல்லி நோயும் ஆட்டம்மையும் பெரும்பாலும் அப்படித்தான் உள்ளே வருகின்றன. இந்த ஒரு விஷயத்தில் உரிமையாளரோடு சண்டை போட்டாலும் தவறில்லை.

காலைச் சுற்று

ஆறு மணிக்குத் தீவனம் போடுவதற்கு முன்பே சுற்று முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் தொட்டியைக் கண்டதும் நோயுற்ற ஆடும் எழுந்து ஓடி வந்து உங்களை ஏமாற்றிவிடும். முதலில் குட்டிகள், அடுத்து நலமாக இருப்பவை, கடைசியில் தனிக் கொட்டில் என்பது வரிசை. தனிக் கொட்டிலுக்கென்று வேறு செருப்போ கம்பூட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கு வெளியே நின்று ஒரு நிமிடம் பேசாமல் பாருங்கள். மற்றவை அசை போடும்போது எது போடவில்லை? எது சுவரைப் பார்த்து நிற்கிறது? அதன் பிறகு உள்ளே போய்க் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். செம்பருத்தி மொட்டின் நிறத்தில் இருந்தால் நல்லது, வெளுத்த தாமரை நிறத்துக்கும் கீழே போனால் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கக்கூடும். புழுக்கை மணிமணியாக உதிர்ந்திருக்கிறதா, ஒட்டிக் கொத்தாக இருக்கிறதா, கழிச்சலாகி வாலில் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இடது விலாவுக்குப் பின்னுள்ள குழியில் முட்டியை வைத்து அழுத்தினால், நலமான ஆட்டின் இரைப்பை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை உங்கள் முட்டியைத் தள்ளும். சந்தேகமிருந்தால் காய்ச்சல்மானியை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். வெள்ளாட்டுக்கு 102 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. காய்ச்சல்மானியின் முனையில் ஒரு நூலும் கிளிப்பும் கட்டி, வால் மயிரில் மாட்டிக்கொண்டால் அது உள்ளே போய்விடாது.

முயலின் காலைச் சோதனை வேறு. முதலில் அதன் கூண்டின் அடியைப் பாருங்கள். புழுக்கையே இல்லை, நேற்று வைத்த புல் அப்படியே கிடக்கிறது என்றால், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. குடல் இயங்குவது நின்ற முயல் ஒரே நாளில் இறந்துவிடக்கூடும். அன்று காலையே மருத்துவரை அழைக்க வேண்டும். அதிகாலையில் முயல் தன் ஆசனவாயிலிருந்து மெத்தென்ற திராட்சைக் கொத்துப் போன்ற கழிவை வாங்கித் தின்பதைப் பார்த்து அருவருக்கத் தேவையில்லை. அது முதல் சுற்றில் செரிக்காத சத்தை மறுபடி எடுத்துக்கொள்ளும் முறை. பசு அசை போடுவதன் இன்னொரு வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முட்டைப் பெட்டிக்குள் கையை விடுமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள். தீவனம் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிக் கட்டுவிரியனும் நல்ல பாம்பும் வரும். மூடியுள்ள தகர டிரம்மில் தீவனத்தை வைப்பது பாம்புக்கான முதல் தடுப்பு.

தீவனமும் திருவிழாச் சோறும்

முப்பது கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு கிலோ பசுந்தீவனமும், தானியமும் பிண்ணாக்கும் கலந்த அடர்தீவனம் கால் கிலோவுக்கு மிகாமலும் போதும். அகத்தி, வேலிமசால், வாகை, பூவரசு, வேம்பு, கடலை அறுவடைக்குப் பின் கிடைக்கும் கடலைக்கொடி என்று நம் பக்கத்தில் குழைக்குப் பஞ்சமில்லை. சவுண்டல் குழையை மட்டும் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். அதிலுள்ள மைமோசின் என்ற பொருள் அளவு கூடினால் மயிர் உதிரும். பார்வையாளருக்குக் காகிதக் கோப்பையில் விற்கும் குழையை இந்த அளவிலிருந்து கழித்துத்தான் எடுக்க வேண்டும்: காலையில் பாதி, கோப்பைகளில் பாதி. கோப்பை தீர்ந்ததும் விற்பனை நின்றுவிட வேண்டும், வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் சரி.

உண்மையான ஆபத்து பார்வையாளர் வீட்டிலிருந்து கொண்டுவரும் பொருளில்தான் இருக்கிறது. பிஸ்கட், வாழைப்பழம், இட்லி, கல்யாணப் பந்தியில் மிஞ்சிய சோறு, கோயில் பொங்கல் எல்லாம் அன்பின் பெயரால் வரும். "ஒரு கை பொங்கல்தானப்பா, பிரசாதம், அதுக்கு என்ன ஆகப்போகுது?" என்று ஆச்சி ஒருவர் கேட்டால், "ஆச்சி, நமக்குப் பிரசாதம், இதுக்கு விஷம்" என்று சொல்லிப் பாத்திரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கி, உங்கள் மதியச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவருக்கு அதில் மகிழ்ச்சிதான்.

ஏன் விஷம்? ஆட்டின் இரைப்பை நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நிறைந்த ஒரு ஊறல் பானை. அதில் திடீரென்று மாவுச்சத்து விழுந்தால் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, மற்றவற்றைக் கொன்று, பானையையே புளிக்க வைத்துவிடும். இரைப்பை இயங்குவது நின்று, உடலின் நீர் அதற்குள் இழுக்கப்பட்டு, ஆடு தள்ளாடிப் படுத்துவிடும். ஒரு முகூர்த்த நாள் மாலையில் தேநீர் குடிக்கப் போன கால் மணி நேரத்தில், பக்கத்து மண்டபத்திலிருந்து வந்த யாரோ இலையோடு சோற்றை வேலிக்குள் போட்டிருந்தார்கள். திரும்பி வந்த நான் இலையைப் பார்த்தேன். எவ்வளவு தின்றது, எந்த ஆடு தின்றது என்று விசாரிக்காமல் இலையை எடுத்துப் போட்டுவிட்டேன். அது என் தவறு. மறுநாள் காலை மூன்று வயதுக் கன்னியாடு ஒன்று பல்லை நறநறவென்று கடித்தபடி சுவரோரம் நின்றது. இடது வயிற்றை அசைத்தால் குடத்துத் தண்ணீர் போல் சலசலத்தது. 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்து, மருத்துவர் வந்து, குளுக்கோஸ் ஏற்றி, சோடா உப்புக் கரைசல் புகட்டி, ஐந்தாம் நாள்தான் அது மறுபடி அசை போட்டது. அன்றிலிருந்து வாசல் பூட்டாமல் நான் தேநீருக்குப் போவதில்லை.

அரளி மாலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களின் காரிலும் கையிலும் அது இருக்கும். குழந்தை அதை ஆட்டுக்குப் போட்டு அழகு பார்க்க விரும்பும். அரளியின் பூ, இலை, காய்ந்த சருகு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு, சில இலைகளே ஓர் ஆட்டுக்குப் போதும். வாசலில் மாலைகளை வாங்கி வைக்க ஒரு ஆணியடித்த பலகை வையுங்கள். ஆடாதோடை, ஆடுதீண்டாப்பாளை என்று ஆடு ஒதுக்குவதை வைத்தே செடிக்குப் பெயரிட்டவர்கள் நாம். ஆனால் அடைப்பில் சலித்துப் போய், கைகளிலிருந்து தின்று பழகிய ஆடு அந்த முன்னோர் அறிவை நம்பி நடக்காது.

ஊட்டும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை, அதனால் விரித்த உள்ளங்கையில் வைத்து ஊட்டலாம். முயலுக்கு மேலும் கீழும் உளி போன்ற பற்கள் இருப்பதோடு மூக்கடியில் இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. நீளமான தண்டின் நுனியைத்தான் நீட்ட வேண்டும்.

வாசல் திறந்த பின்

ஒரு திடலுக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள், சீட்டுக் கொடுப்பவரிடம் விடாதீர்கள். எட்டு ஆடுகள் உள்ள திடலில் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் நான் விடுவதில்லை. முயல் பகுதியில் இருபது நிமிடம் ஒரு சுற்று, அடுத்த இருபது நிமிடம் முயலுக்கு ஓய்வு. அதே முயலைத் தொடர்ந்து இரண்டு சுற்றுக்கு எடுப்பதில்லை.

நான்கு வயதுப் பிள்ளைக்கு முயலைத் தொடச் சொல்லித் தருவதை எடுத்துக்கொள்வோம். முதலில் பிள்ளையைச் சம்மணமிட்டு உட்கார வையுங்கள். முயலைத் துண்டு விரித்த கூடையில் வைத்து, அதன் பக்கவாட்டு உடல் பிள்ளையை நோக்கி இருக்கும்படி கூடையை முன்னால் வையுங்கள். பிறகு உங்கள் புறங்கையை நீட்டி, "முதலில் என் கையை முயலாக நினைத்துத் தடவிக் காட்டு" என்று சொல்லுங்கள். பிள்ளை எவ்வளவு அழுத்துகிறது என்பது உங்கள் தோலுக்கே தெரிந்துவிடும். "இன்னும் மெதுவாக, தூங்குகிற தம்பியைத் தடவுகிற மாதிரி" என்று இரண்டு முறை திருத்தினால் கை பதமாகிவிடும். அதன் பின் இரண்டு விரல், கழுத்திலிருந்து முதுகுவரை, மயிர் படியும் திசையில் மட்டும். காது, வால், வயிறு, முகம் வேண்டாம். முயல் கூடையை விட்டு இறங்க முயன்றாலோ, காதை முதுகோடு ஒட்டித் தட்டையாகக் கிடந்தாலோ, பின்னங்காலால் தரையில் தட்டினாலோ, "முயல் போதும் என்கிறது" என்று சொல்லி எடுத்துவிடுங்கள். அசையாமல் கிடக்கும் முயலைப் பார்த்துப் பெற்றோர் "எவ்வளவு சமர்த்து!" என்பார்கள். கண் விரிந்து, மூச்சு படபடத்து, அசையாமல் இருப்பது சமர்த்தல்ல, அச்சம்.

சிரமம் தருகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். பிள்ளை அழுதுகொண்டே பின்வாங்கும்போது, "சீட்டு வாங்கியாச்சு, தொடு" என்று முதுகைப் பிடித்துத் தள்ளும் தந்தைகள் உண்டு. அங்கே பிள்ளையின் பக்கமும் விலங்கின் பக்கமும் நில்லுங்கள். "அண்ணே, தூரத்திலிருந்து குழை நீட்டட்டும், பிறகு பார்க்கலாம்" என்று மென்மையாகச் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள். ரீல்ஸ் எடுப்பதற்காகக் கோழியைத் தலைமேல் வைக்கச் சொல்பவரிடம் மென்மை தேவையில்லை.

பின்கட்டுக்குப் போன விலங்கைத் திரும்ப இழுத்து வரக்கூடாது என்பதில் விதிவிலக்கே இல்லை. எந்த முக்கிய விருந்தினர் வந்தாலும் சரி.

கை கழுவும் தொட்டி

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 2009-ஆம் ஆண்டு ஒரு பண்ணைக்குச் சென்றவர்களில் 93 பேருக்கு ஈ.கோலை ஓ157 தொற்று ஏற்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். நோயே இல்லாத, நன்றாகத் தின்று திரியும் ஆட்டின் சாணத்திலும் இந்தக் கிருமி இருக்கக்கூடும், சிறு பிள்ளையின் சிறுநீரகத்தை அது கெடுத்துவிடக்கூடும். கோழி, வாத்துக் குஞ்சுகளிடமிருந்து சால்மோனெல்லா வரும், கன்றுக்குட்டியிடமிருந்து கிரிப்டோஸ்போரிடியம் வரும். சானிடைசர் பாட்டிலை வாசலில் தொங்கவிட்டுத் திருப்தியடையாதீர்கள். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு அது பயன்படாது, சாணி ஒட்டிய கையில் மற்றக் கிருமிகளுக்கும் சரியாக வேலை செய்யாது. ஓடும் தண்ணீர், சோப்பு, இருபது விநாடி, இவைதான் வழி.

குழாய் பிள்ளையின் இடுப்பளவு உயரத்தில் இருக்க வேண்டும். வெளியேறும் பாதை தொட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று வேலியை அமைத்துவிட்டால், அறிவிப்புப் பலகைகளில் பாதியைக் கழற்றிவிடலாம். உள்ளே தின்பண்டம் கூடாது. பையிலிருந்து முறுக்கும் சீப்புச் சீடையும் வெளியே வருவதற்குள் கை கழுவியாகிவிட வேண்டும். வாயில் விரல் வைக்கும் கைக்குழந்தையை இடுப்பிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளைக் குட்டி ஈன்ற ஆட்டின் அருகிலும், கருச்சிதைந்த ஆட்டின் அருகிலும் விடாதீர்கள். பனிக்குட நீரிலும் நச்சுக்கொடியிலும் கருவைப் பாதிக்கும் கிருமிகள் இருக்கலாம். அவற்றைச் சுத்தம் செய்யும்போது நீங்களும் கையுறை அணிய வேண்டும்.

வெயிலும் மழையும்

ஏப்ரல், மே மாதங்களில் பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை திடலை மூடிவிடுவதே நல்லது. ஆடு வேப்பமர நிழலும் தண்ணீரும் இருந்தால் சமாளித்துக்கொள்ளும். முயலுக்கும் கினிப்பன்றிக்கும் முப்பது டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சிரமம்; வாயைத் திறந்து மூச்சு வாங்கும் முயல் சாவின் விளிம்பில் இருக்கிறது. தகரக் கூரை வேண்டாம், நாட்டு ஓடோ கீற்றோ போடுங்கள்; பக்கவாட்டில் நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள்; உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் முயல் தானே போய் ஒட்டிக்கொள்ளும். மயங்கிய முயலைக் குளிர்ந்த நீரில் முக்காதீர்கள், காதுகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

மழைக்காலத்தில், ஐப்பசி தொடங்கும் முன் குளம்பைச் சீவிவிட வேண்டும். வளர்ந்த குளம்பின் மடிப்பில் சேறு தங்கினால் அழுகும். கடிக்கும் சிறு பூச்சிகளால் பரவும் நீலநாக்கு நோயும் செம்மறிகளுக்கு இந்தப் பருவத்தில்தான் வரும். மாலையில் கொட்டிலில் வேப்பிலைப் புகை போடுவதும், தண்ணீர் தேங்காமல் வடிய விடுவதும் நம்மால் முடிந்தவை. ஆட்டுக்கொல்லி, கோமாரி, துள்ளுமாரி, கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஆகிய தடுப்பூசிகளின் நாள்களைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுச் சுவரிலேயே எழுதி வையுங்கள். குடற்புழு மருந்தைக் கைக்கு வந்தபடி கொடுக்காமல், சாணத்தைப் பரிசோதித்துக் கொடுப்பது சிறந்தது.

தீபாவளி வாரம் பூங்காவுக்குக் கடினமான வாரம். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகப் பட்டாசே வெடிப்பதில்லை என்பதை அக்கம்பக்கத்தாரிடம் நினைவூட்டிப் பேசுங்கள். எல்லாரும் கேட்கமாட்டார்கள், பின்புறச் சுவரை ஒட்டி வெடிக்காமலிருந்தாலே போதும்.

கடி, கீறல், புண்

யாரைக் கடித்தாலும் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிய பிறகே மற்றதெல்லாம். மஞ்சளும் காப்பித்தூளும் வேண்டாம். அரசு மருத்துவமனைக்கு அனுப்பும்போது கடித்த விலங்கு எது, அதைச் சமீபத்தில் தெருநாய் கடித்ததா என்பதையும் எழுதிக் கொடுங்கள். நாய் கடித்த ஆட்டுக்கும் வெறிநோய் வரக்கூடும். வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது பற்றியும் டெட்டனஸ் ஊசி பற்றியும் உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

ஆட்டின் உதட்டில் பொருக்குத் தட்டிய புண் கண்டால் அந்த ஆட்டை அன்றே ஒதுக்குங்கள், அது தொடுகிறவர் கையிலும் கொப்புளமாக வரும். வட்டமாக மயிர் உதிர்ந்த முயலிடமிருந்து படர்தாமரை வரும். விலங்கு பார்க்க நன்றாக இருக்கிறது, இன்று சனிக்கிழமை, கூட்டம் அதிகம் என்ற மூன்று காரணங்களையும் ஒன்றாக உங்களிடம் சொல்வார்கள். ஒதுக்கியது ஒதுக்கியதுதான்.

மாலைக் கணக்கு

பார்வையாளர் போன பிறகு எண்ணுங்கள். ஒவ்வோர் அடைப்பிலும் தலை எண்ணிக்கை, கோப்பைகளின் எண்ணிக்கை, தரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பை, ரப்பர் வளையம், பிஸ்கட் உறை. ஆடு விழுங்கிய பிளாஸ்டிக் வெளியே வராது. இரைப்பையிலேயே பந்தாகித் தங்கும். கூண்டின் அடிக்கம்பி தளர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், கீரிக்கு மூன்று விரல் இடைவெளி போதும், தெருநாய்க்கோ தளர்ந்த ஒரு முடிச்சே போதும்.

பிறகு பதிவேடு. நீளமாக எழுத வேண்டியதில்லை, ஆனால் "அனைத்தும் நலம்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அது பார்க்காதவர் எழுதும் வாக்கியம். என் பதிவேட்டில் ஒரு மார்கழி மாலையின் குறிப்பு இப்படி இருக்கிறது: "செவலை பிற்பகல் இருமுறை பின்கட்டுக்குப் போனது, மூன்றாம் முறை வெளியே வரவில்லை. உடல் வெப்பம் 102.4. அசை போடுகிறது. வெள்ளை முயல் தண்டு தின்றது, குச்சித்தீவனம் தொடவில்லை. இரவு ஒன்பதுக்கு மறுபடி பார்க்க. கோப்பை 40 போனது, 6 மிச்சம். கிழக்கு வேலியில் அரளி மாலை ஒன்று, எடுத்தாயிற்று. தொட்டிக் குழாய் சொட்டுகிறது." ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தபோது முயல் குச்சித்தீவனத்தைத் தின்றுகொண்டிருந்தது. குழாயை மறுநாள்தான் சரி செய்தார்கள்.